கார் நிறுத்தும் இடத்துக்கு ஷட்டர்: அளவெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டின் கீழ்த்தளத்தில் கார் நிறுத்த இடம் விட்டவர்கள் பலர் அதற்குப் போடுவது ரோலிங் ஷட்டர்தான். கடைக்குப் போடுகிற அதே பட்டை ஷட்டர், அகலம் மட்டும் கொஞ்சம் கூட. இதில் ஸ்பிரிங் தளர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், பூட்டு சரியில்லை என்றால் வேறு பூட்டுப் போடலாம். ஒன்றரை அங்குலம் குறைத்து வெட்டிய பட்டைகளை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. அத்தனையும் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்.

பழைய ஷட்டரை மாற்றுபவர்கள் பெரும்பாலும் செய்கிற தவறு, அந்தப் பழைய ஷட்டரையே அளப்பது. "இதே அளவில் ஒன்று போட்டுக் கொடுங்க" என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டையின் இரண்டு முனைகளும் கைடு சேனலுக்குள், அதாவது ஷட்டர் ஏறி இறங்குகிற பக்கவாட்டு இரும்புப் பள்ளத்துக்குள், மறைந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரிகிற பட்டையை அளந்தால் அகலம் குறைவாக வரும். உயரத்தில் சிக்கல் இன்னும் பெரிது. சென்னை மாதிரி ஊர்களில் ரோட்டின் மேல் ரோடு போட்டு வீடு பள்ளமாகிப்போக, கார் நிறுத்தும் தரையை அரை அடி, முக்கால் அடி உயர்த்தியவர்கள் ஏராளம். தரை உயர்ந்த பிறகும் பழைய ஷட்டர் ஒழுங்காகத்தான் மூடும். முன்பைவிட அரை அடி மேலேயே தரையைத் தொட்டுவிடும், மிச்சப் பட்டைகள் சுருளிலேயே தங்கிவிடும். யாரும் கவனிப்பதில்லை. அதைக் கழற்றி விரித்து அளந்து புதிதாகச் செய்தால், தேவையில்லாத அரை அடித் தகட்டுக்குக் காசு கொடுத்து, சுருளையும் பெரிதாக்கிக்கொள்கிறீர்கள்.

அளக்க வேண்டியது ஓப்பனிங்கை. அதாவது சுவரிலிருந்து சுவர் வரை, தரையிலிருந்து லிண்டலின் (வாசலுக்கு மேலே குறுக்கே போகும் கான்கிரீட் விட்டத்தின்) அடிப்பக்கம் வரை. அகலத்தைக் கீழே, நடுவில், மேலே என மூன்று இடத்தில் எடுங்கள். உயரத்தை இடது, நடு, வலது என மூன்று இடத்தில். பூசிய சுவர் கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் டேப் வைத்தால் அரை அங்குலம் முன்பின் இருப்பது சகஜம்.

மூன்று அளவில் எதை எடுப்பது? "எப்போதும் குறைந்த அளவை எடு" என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிதான் சரி. இரண்டு சுவருக்கு நடுவே, ஓப்பனிங்குக்கு உள்ளேயே கைடு நிற்கப்போகிறது என்றால் குறைந்த அகலம்தான் கணக்கு, இல்லாவிட்டால் உள்ளே போகாது. சுவரின் முகத்தில், ஓப்பனிங்குக்கு வெளியே கைடை அடிக்கப்போகிறீர்கள் என்றால் அகலமான இடத்தையும் மூடியாக வேண்டும், அங்கே கூடுதல் அளவுதான் கணக்கு. உயரத்துக்கும் கூடுதல் அளவைத்தான் எடுக்க வேண்டும், ஷட்டர் தரையைத் தொடாமல் நின்றால் என்ன பயன்? ஆனால் தரை இடமிருந்து வலமாகச் சரிந்திருந்தால் எந்த அளவும் உதவாது. ஷட்டரின் அடிப்பட்டை நேர்கோடு, தரை சாய்கோடு. ஒரு பக்கம் முட்டும்போது மறுபக்கம் எலி நுழைகிற இடைவெளி இருக்கும். கொத்தனாரிடம் உள்ள தண்ணீர் ட்யூபை வைத்து இரண்டு மூலைக்கும் மட்டம் பாருங்கள். தண்ணீர் ஓட வாட்டம் வெளிப்பக்கமாக இருக்கலாம், குறுக்கே இருக்கக் கூடாது. இருந்தால் முதலில் தரையைச் சரிசெய்ய வேண்டும்.

புது வீடு என்றால் வேறொரு அவசரம். செங்கல் சுவர் எழும்பியதும், பூச்சு வேலைக்கு முன்பே அளவெடுத்து ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள். பூச்சு ஒரு பக்கத்துக்கு 12 முதல் 15 மிமீ வரை வரும். இரண்டு பக்கமும் சேர்த்தால் ஏறக்குறைய ஓர் அங்குலம் போய்விடும். தரையில் இன்னும் டைல்ஸோ பேவர் கல்லோ பதிக்க வேண்டியிருந்தால் கலவையோடு சேர்த்து இரண்டு மூன்று அங்குலம் உயரும். பூச்சும் தரையும் முடிந்த பிறகு அளப்பதே நல்லது. பொறுக்க முடியாது என்றால், முடிந்த மட்டம் எங்கே வரும் என்று கொத்தனாரைச் சுவரில் கோடு போடச் சொல்லி, அந்தக் கோட்டிலிருந்து அளங்கள். பிளானில் 9 அடி என்று போட்டிருக்கிறது என்பதற்காக ஓப்பனிங் 9 அடியாகிவிடாது.

அடுத்தது எழுதுவதில் வருகிற குழப்பம். டேப்பை எவ்வளவு கவனமாகப் பிடித்தாலும் இங்கே கோட்டை விடலாம். சீட்டில் 10.5 என்று எழுதுகிறீர்கள். நீங்கள் நினைத்தது 10 அடி 5 அங்குலம். பட்டறையில் கால்குலேட்டர் வைத்திருப்பவருக்கு அது பத்தரை அடி, அதாவது 10 அடி 6 அங்குலம். ஓர் அங்குலம் போச்சு. 10 அடி 10 அங்குலத்தை 10.10 என்று எழுதினால் இன்னும் மோசம். கால்குலேட்டருக்கு அது 10.1 அடி, வெறும் 10 அடி 1 அங்குலச் சொச்சம். அதனால் புள்ளியே வேண்டாம். "10 அடி 5 அங்குலம்" என்று முழுதாக எழுதி, பக்கத்திலேயே மில்லிமீட்டரிலும் (3175 மிமீ) எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் வெட்டுவதற்கு முன் யாராவது போன் செய்து கேட்பார்கள். கொத்தனார்கள் நூல் கணக்கில் சொல்வார்கள், அங்குலத்துக்கு 8 நூல். அதுவும் சரிதான், 4 நூல் என்பதை மறக்காமல் அரை அங்குலம் என்று எழுதிக்கொண்டால்.

தலைக்கு மேலே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. 8 அடி உயர ஷட்டர் சுருண்டால் சுருளின் குறுக்களவு ஓரடியிலிருந்து ஒன்றேகால் அடி வரை வரும். லிண்டலுக்கு மேலே, கூரைக்கோ பீமுக்கோ கீழே அந்த இடம் வேண்டும். சுருள் உள்பக்கம் வரப்போகிறதா, வெளிப்பக்கம் சன்ஷேடுக்கு அடியிலா என்பதையும் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். மேலே இடம் இல்லையென்றால் சுருளை ஓப்பனிங்குக்குள்ளேயே இறக்கிக் கட்டுவார்கள், கார் நுழைகிற உயரம் ஓரடி குறைந்துவிடும். சுருள் மேலே இருந்தாலும் அடிப்பட்டையும் கைப்பிடியும் லிண்டலுக்குக் கீழே சில அங்குலம் தொங்கத்தான் செய்யும். காரின் கூரையில் கேரியர் வைத்திருப்பவர்கள் இதையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

பக்கவாட்டிலும் அப்படியே. கைடு அடிக்கிற இடத்தில் ஈபி மீட்டர் பெட்டி, ஸ்விட்ச் போர்டு, மாடியிலிருந்து இறங்கும் குழாய் என்று ஏதாவது ஒன்று இருக்கவே இருக்கும். மோட்டார் போடுவதானால் அது இருக்கிற பக்கம் இன்னும் கூடுதல் இடம் வேண்டும். 90, 100 சதுர அடியைத் தாண்டினால் கையால் தூக்குவது சிரமம், கியரோ மோட்டாரோதான் வழி. எனவே அந்தப் பக்கச் சுவரையும் இப்போதே அளந்துகொள்ளுங்கள்.

அகலத்தில் காரை மறந்துவிடக் கூடாது. 8 அடி ஓப்பனிங் என்பது 2438 மிமீ. உள்ளே பக்கத்துக்கு 3 அங்குலம் கைடு வந்தால் மிஞ்சுவது 2286 மிமீ. ஸ்விஃப்ட் கார் 1735 மிமீ அகலம், தாராளமாகப் போகும். இன்னோவா கிரிஸ்டா 1830 மிமீ, அதுவும் பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமல். குறுகிய தெருவிலிருந்து ஒடித்துத் திருப்பி உள்ளே விடுகிற வீட்டில் கைடைச் சுவரின் முகத்தில் அடிப்பதுதான் என் கட்சி. அந்த அரை அடியின் அருமை தினமும் வண்டி எடுப்பவருக்குத் தெரியும்.

ஓப்பனிங்கின் மூலைகள் செங்கோணமாக இருக்கின்றனவா என்று பார்க்க இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால் போதும், இரண்டும் சமமாக வர வேண்டும். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் சுவர் சாய்ந்திருப்பதும் தெரிந்துவிடும்.

பில்லில் வருகிற சதுர அடியைப் பார்த்துச் சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு. 9 அடி அகலம், 8 அடி உயரம் என்றால் 72 சதுர அடி. கைடு சுவரின் முகத்தில் என்றால் பட்டறைக்காரர் அதற்குப் பக்கத்துக்கு 3 அங்குலம், சுருளுக்கு ஒன்றேகால் அடி சேர்த்து 88 சதுர அடி போடுவார். அவ்வளவு தகடு உண்மையிலேயே போகிறது, ஏமாற்று இல்லை. மத்தியப் பொதுப்பணித் துறை வேலைகளில் ஓப்பனிங் அளவை வைத்தே பரப்பைக் கணக்கிடுவார்கள். தனியார் பட்டறையில் எந்தக் கணக்கு என்பதை விலை பேசும்போதே கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஓரிடத்தில் குறைவாகத் தெரிகிற சதுர அடி விலை, கடைசியில் கூடுதலாக முடியும்.

இந்தச் சேர்ப்பு, கழிப்பு எதையும் நீங்களே செய்து அனுப்பாதீர்கள். ஓப்பனிங்குக்கு உள்ளே நிற்கிற கைடுக்கு நீங்கள் 3 அங்குலம் கழித்து, பட்டறையில் அவர் இன்னொரு முறை கழித்தால் ஷட்டர் கைடுக்குள் நிற்காமல் கழன்று வரும். சீட்டின் தலைப்பில் "ஓப்பனிங் அளவு, எதுவும் கழிக்கவில்லை" என்று எழுதுங்கள். கூடவே உள்ளே நின்று பார்த்தபடி ஒரு படம் வரைந்து, மோட்டார் எந்தப் பக்கம், சுருள் உள்ளேயா வெளியேயா என்று குறியுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும்போது, வெட்டுவதற்கு முன் அவரே ஒருமுறை வந்து அளந்து பில்லில் அளவை எழுதித் தர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அளவெடுத்தவர் யாரோ, தவறு வந்தால் பொறுப்பும் அவருடையது.