காட்டைப் பற்றிக் கேட்கும் முன் அவர்களோடு நடந்து பாருங்கள்

பழங்குடிகளுக்கும் காட்டுக்கும் உள்ள உறவை ஆராய்ந்து எழுதக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு சொல்: நீலகிரியிலோ ஆனைமலையிலோ ஒரு பழங்குடி ஊருக்குப் போய், "காட்டில் உங்களுக்கு எது முக்கியம்?" என்று படிவத்தை நீட்டினால், தேன், நெல்லிக்காய், விறகு என்று பட்டியல்தான் வரும். கேள்வி அப்படி, பதிலும் அப்படி. படிவத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி கேட்டு, அவர்கள் காட்டுக்குக் கிளம்பும் நாளில் கூடவே போங்கள்.

போனால், எதை எடுக்கிறார்கள் என்பதைவிட எதை விட்டுவிட்டு வருகிறார்கள் என்று பாருங்கள். ஆனைமலைக் காடர்கள் காட்டுக்கிழங்கு தோண்டும்போது கிழங்கை வெட்டி எடுத்துக்கொண்டு, கொடியோடு ஒட்டியிருக்கும் தலைப்பகுதியைக் குழியிலேயே வைத்து மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள், மழை வந்ததும் அது மறுபடி தழைக்கும். நீலகிரிக் குறும்பர்கள் கயிற்றில் தொங்கிப் பாறைத்தேன் எடுக்கும்போது அந்தக் கயிற்றை யார் பிடிக்கிறார் என்று கவனியுங்கள். பெரும்பாலும் மச்சான், அதாவது மனைவியின் அண்ணனோ தம்பியோ. தொங்குபவரின் உயிரும், தன் கூடப்பிறந்தவளின் வாழ்க்கையும் அந்த மச்சான் கையில் இருக்கின்றன. தேனுக்குக் கிலோ விலை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் இந்த உறவு உங்கள் குறிப்பில் வராது.

அப்புறம், அவர்கள் 'காடு கெட்டுப்போச்சு' என்று சொன்னால் அங்கேயே நின்று, எப்போதிலிருந்து, ஏன் என்று கேளுங்கள். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர் என்ற பழங்குடியினர் சருகுக்குச் சிறு தீ வைத்து வந்தவர்கள். 1974-இல் அந்த மலை சரணாலயமானது, தீயும் நின்றது. உண்ணிச்செடி மண்டியதற்கும் நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறியதற்கும் தீ நின்றதுதான் காரணம் என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆய்வாளர்கள் காது கொடுக்க வெகுநாள் ஆயிற்று. 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் 2011-இல் அங்கே அவர்களுக்குச் சமூக வன உரிமை, அதாவது ஊராகச் சேர்ந்து காட்டைப் பயன்படுத்தவும் காக்கவும் உள்ள உரிமை கிடைத்தது, புலிகள் காப்பகத்துக்குள் அப்படிக் கிடைத்தது அதுவே முதல்முறை.

சாமி இருக்கும் இடம், முன்னோரைப் புதைத்த இடம் இவற்றை நீங்களாகக் கேட்காதீர்கள், படமும் வேண்டாம். அவர்களே காட்டினால் சரி.

மருந்துச் செடி விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. 1987-இல் அகத்தியமலையில் களைத்துப்போன விஞ்ஞானிகளுக்குக் காணிக்காரப் பழங்குடியினர் ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் காயைக் கொடுத்தார்கள்; அந்தச் செடியிலிருந்துதான் பிறகு 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. மருந்தில் வரும் பணத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற பேச்சு அதற்கப்புறம்தான் வந்தது. அதனால் எழுதியதை அச்சுக்கு அனுப்பும் முன் ஊரில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள், எடுக்கச் சொன்ன வரியை எடுத்துவிடுங்கள்.