க.பொ.த. சான்றிதழை இத்தாலிய மொழிக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன், பதுளைப் பக்கங்களிலிருந்து இத்தாலிக்குப் புறப்படும் பிள்ளைகள் இலங்கைப் பரீட்சைத் திணைக்களத்தின் க.பொ.த. (கல்விப் பொதுத் தராதரப் பத்திர) ஆங்கிலச் சான்றிதழைக் கொண்டுவந்து மொழிபெயர்க்கத் தரும்போது, பெரும்பிழை பெரும்பாலும் முதல் வரியிலேயே நேர்ந்துவிடுகிறது. சாதாரண தரத்தை 'லிச்சென்சா மேதியா' என்று எழுதிவிடுகிறார்கள். அது இத்தாலியில் 8 ஆண்டுப் படிப்பின் முடிவில் கிடைப்பது. நம் பிள்ளை தரம் 11இல் எழுதிய பரீட்சைக்கு அப்பெயரை வைத்தால், மூன்று ஆண்டு உழைப்பு தாளிலிருந்து மறைந்துபோகும். உயர்தரத்தை 'மாத்துரித்தா' என்பதும் தவறே, ஏனெனில் அது இத்தாலிய அரசு நடத்தும் வேறொரு பரீட்சை. பெயரை உள்ளபடியே பெயர்த்து, எத்தனையாம் ஆண்டில் எழுதப்படுவது என்பதை மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகச் சேர்க்க வேண்டும். எதற்கு எது நிகர் என்று சொல்வது நம் வேலையன்று. அதற்கு இத்தாலியத் தூதரகத்தின் பெறுமதிப் பிரகடனமும், ரோமிலுள்ள சீமேயா என்ற கல்வித் தகைமை மதிப்பீட்டு நிலையத்தின் ஒப்பீட்டுச் சான்றும் இருக்கின்றன.

ஆனால் எனக்கு மிகவும் வேதனை தருவது சித்திகளின் பெயர்களில் நேரும் தவறுதான். சாதாரண தரத்தில் 75 புள்ளியும் அதற்கு மேலும் பெற்றவருக்குரிய 'டிஸ்டிங்ஷன்' என்ற சொல்லைக் கண்டதும், ஒலி ஒத்திருப்பதால் 'திஸ்தின்தோ' என எழுதக் கை போகிறது. இத்தாலியப் பள்ளிகளிலோ திஸ்தின்தோவுக்கு மேல் 'ஒத்திமோ' என்றொரு படி உண்டு. ஆகவே அதியுயர் சித்தி பெற்ற பிள்ளை இரண்டாம் படிக்கு இறக்கப்படுகிறாள். 'கிரெடிட்' என்பதை 'க்ரேதித்தோ' என்றால், அங்குள்ளவர் அதைக் கடைசி மூன்று ஆண்டுகளில் சேர்க்கும் பள்ளிப் புள்ளியாகவே எடுத்துக்கொள்வார். ஏ, பி, சி, எஸ் எழுத்துகளை அப்படியே வைத்து, பக்கத்தில் பொருளை விளக்கமாக எழுதுங்கள். உயர்தரத்தில் மூன்று ஏ பெற்றவருக்கு நூற்றுக்கு நூறு என்று எண்ணாக மாற்றிக் கொடுக்கவே கூடாது.

அண்மையில் நான் திருத்திய பிரதியொன்றில் 'சைவநெறி' என்ற பாடம் வெறும் 'ரெலிஜோனே' ஆகியிருந்தது. இத்தாலியப் பள்ளியில் அச்சொல் கத்தோலிக்க சமய பாடத்தையே நினைவூட்டும். பாடசாலைப் பெயரிலுள்ள 'கல்லூரி'யை 'கொல்லேஜோ' என்றாலோ விடுதிப் பள்ளி என்று பொருள்படும். பாடசாலைப் பெயரைப் பெயர்க்காமல் விடுவதே சரி.

நம்மவரின் முன்னெழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயரைக் குறிப்பது. இத்தாலியப் படிவமோ குடும்பப் பெயரைக் கேட்கும். அதற்காக மொழிபெயர்ப்பாளர் முன்னெழுத்தைத் தாமே விரித்தெழுதக் கூடாது. கடவுச்சீட்டுப் பெயருடன் வேறுபாடு இருந்தால், மொழிபெயர்ப்புக்கு முன்பே இங்கு சத்தியக்கடதாசி முடித்து, அதையும் சேர்த்துப் பெயர்க்கக் கொடுங்கள்.