சிங்கப்பூரில் முதல் சம்பளம்: கணக்கு திறப்பதிலிருந்து ஊருக்கு அனுப்புவது வரை

சிங்கப்பூருக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும், அல்லது வரப்போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். டாலரை இங்கே நம் ஆட்கள் ‘வெள்ளி’ என்றுதான் சொல்வார்கள், சென்ட்டைக் ‘காசு’ என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

வந்த புதிதில் ஒரு காப்பி குடித்தாலும் மனசு அதை ரூபாய்க்கு மாற்றிப் பார்க்கும். இரண்டு மூன்று மாதத்தில் அந்தப் பழக்கம் போய்விடும். பணம் கைநழுவ ஆரம்பிப்பது அப்போதுதான். அதற்குள் கீழே உள்ளவற்றைச் செய்து முடித்துவிடுங்கள்.

1. ஊரிலிருந்து கிளம்பும் முன்

ஊர் சிம் கார்டை உயிரோடு வைத்திருங்கள். வங்கி அனுப்பும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். ரீசார்ஜ் தீர்ந்து எண் போய்விட்டால், இங்கிருந்து உங்கள் சொந்தக் கணக்கையே திறக்க முடியாமல் தவிப்பீர்கள். ரோமிங்கில் குறுஞ்செய்தி வருகிறதா என்பதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது வங்கிக் கணக்கு. வெளிநாட்டில் வேலைக்குப் போனவர் ஊரில் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்க இந்தியச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். வீட்டு வாடகை போல ஊரிலேயே வரும் வருமானத்துக்கு அதுதான். இங்கே சம்பாதித்து அனுப்பும் பணத்துக்குத் தனியாக ஓர் என்ஆர்இ கணக்கு திறந்துகொள்ளுங்கள். என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது. என்ஆர்ஓ வட்டியில் 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். ஊரில் அப்பாவோ மனைவியோ பணம் எடுக்க வேண்டுமென்றால், அவர்களுக்கு அதிகாரம் கொடுக்கும் படிவத்தை வங்கியில் கேளுங்கள். ஏடிஎம் கார்டையும் பின் எண்ணையும் கொடுத்துவிட்டு வருவது சரியான வழி இல்லை.

2. இங்கே கணக்கு, சம்பளச் சீட்டு

பாஸ்போர்ட்டும் பெர்மிட் அட்டையும் கையில் வந்ததும் வங்கிக் கணக்கு திறந்துவிடலாம். பல நிறுவனங்கள் தாங்களே ஏற்பாடு செய்துவிடும். ஒன்று மட்டும் கேளுங்கள்: குறைந்தபட்ச இருப்பு இல்லாவிட்டால் மாதாமாதம் பிடிப்பார்களா? சம்பளக் கணக்குகள் சிலவற்றுக்கு அந்தப் பிடித்தம் இருக்காது.

சம்பளம், அதற்குரிய மாதம் முடிந்து 7 நாளுக்குள் வந்தாக வேண்டும். ஓவர்டைம் பணத்துக்கு 14 நாள். எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் சம்பளச் சீட்டு தருவது 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். சீட்டை வாங்கி ஒவ்வொரு மாதமும் படம் எடுத்து வையுங்கள். கணக்கில் தகராறு வந்து மனிதவள அமைச்சுக்குப் போக நேர்ந்தால் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான்.

3. அன்றாடச் செலவு

கணக்கு திறந்த அன்றே, இங்குள்ள வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் வசதியான பேநவ்வில் பதிவு செய்யுங்கள். உங்கள் கைப்பேசி எண்ணே கணக்கு எண் மாதிரி வேலை செய்யும். பணம் உடனே போகும், கட்டணம் இல்லை. அனுப்பும் முன் திரையில் வரும் பெயரை ஒரு முறை படியுங்கள். பேருந்து, ரயிலுக்கு இங்குள்ள வங்கி அட்டையையே தட்டலாம், அல்லது ஈஸி லிங்க் அட்டை வாங்கலாம். ஊர் வங்கி அட்டையைத் தட்டினால், பயணம் செய்யும் ஒவ்வொரு நாளும் 60 காசு கூடுதலாகப் போகும்.

பணத்தாளும் கொஞ்சம் பையில் இருக்கட்டும். சில காப்பிக் கடைகளில் இன்னும் அதுதான் சுலபம்.

4. ஊருக்கு அனுப்புவது

முதல் மாதம் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுசாக இருக்கும். ஊர் வங்கிப் புத்தகத்திலோ இனிஷியல் மட்டும். அனுப்பும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். பெயர் பொருந்தவில்லை என்று பணம் பாதி வழியில் நின்று, சில நாள் கழித்துத் திரும்பி வந்தது. அதற்குள் தங்கச்சியின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் முடிந்துவிட்டது. நம் ஊர்ப் பெயர் முறையில் இந்தச் சிக்கல் சாதாரணம். ஆகவே பெறுபவர் பெயரை வங்கிப் புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ, புள்ளி உட்பட அப்படியே எழுதுங்கள். ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் பழைய புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைந்தது போல, இணைந்த வங்கிகளின் கிளைக் குறியீடுகள் மாறியிருக்கும்.

சரி, எங்கே அனுப்புவது? வங்கிச் செயலி, பணம் அனுப்பும் செயலிகள், தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் சிராங்கூன் சாலையில் வரிசையாக இருக்கும் கடைகள் என்று வழிகள் பல. ‘கட்டணம் இல்லை’ என்ற பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஓர் உதாரணம்: 1,000 வெள்ளிக்கு ஒரு கடை கட்டணம் இல்லாமல் 68.20 விலை தருகிறது. வீட்டுக்குச் சேர்வது 68,200 ரூபாய். இன்னொன்று 5 வெள்ளி கட்டணம் வாங்கி 69 தருகிறது. 995 வெள்ளிக்கு 68,655 ரூபாய். கட்டணம் வாங்கிய கடையில்தான் 455 ரூபாய் கூடுதல். எனவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “அண்ணே, ஆயிரம் வெள்ளி கொடுத்தால் ஊரில் கையில் எவ்வளவு சேரும்?”

சனி, ஞாயிறு அந்நியச் செலாவணிச் சந்தை மூடியிருக்கும். அதனால் விலையைக் கொஞ்சம் குறைத்து வைப்பதுண்டு. செயலி இருந்தால் வார நாளில் அனுப்புங்கள்.

சின்னத் தொகை என்றால் இன்னொரு வழி: 2023 பிப்ரவரி 21 முதல் பேநவ்வும் நம் யுபிஐயும் இணைக்கப்பட்டிருக்கின்றன. இதில் சேர்ந்துள்ள வங்கியில் கணக்கு இருந்தால், அம்மாவின் யுபிஐ முகவரிக்கு இங்கிருந்தே அனுப்பலாம்.

எந்த வழியானாலும் புதிய கணக்குக்கு முதல் முறை 50 வெள்ளி மட்டும் அனுப்புங்கள். வீட்டில் வந்து சேர்ந்தது என்று சொன்னதும் மீதியை அனுப்பலாம். உண்டியல்காரர், அதாவது உரிமம் இல்லாமல் ஊருக்குப் பணம் அனுப்பித் தருபவர், நல்ல விலை சொல்வார், உடனே வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதாகவும் சொல்வார். தயவுசெய்து போகாதீர்கள். அது சட்ட விரோதம். பணம் போய்ச் சேராவிட்டால் கேட்க ரசீதுகூட இருக்காது.

5. கணக்கை யாருக்கும் கொடுக்காதீர்கள்

“உன் கணக்கில் கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் கொடு, நூறு வெள்ளி தருகிறேன்” என்று டார்மிட்டரியிலேயே (தொழிலாளர் விடுதி) யாராவது கேட்பார்கள். தெரிந்த ஊர்க்காரராகவும் இருக்கலாம். மோசடிப் பணம் இப்படித்தான் கைமாறுகிறது. மாட்டுவது கணக்குக்குச் சொந்தக்காரர். வங்கிக் கணக்கையோ, அரசாங்கச் சேவைகளுக்கான மின்னடையாளமான சிங்பாஸின் கடவுச்சொல்லையோ இப்படிக் கொடுப்பது இங்கே சிறைக்குப் போகும் குற்றம். அதே மாதிரி, அமைச்சிலிருந்து பேசுகிறோம், போலீஸிலிருந்து பேசுகிறோம், பணத்தை மாற்று என்று அழைப்பு வந்தால் உடனே வைத்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் மோசடி பற்றிய உதவி எண்ணான 1799க்கு அழைத்துக் கேட்கலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். அந்த எண்ணையும் உங்கள் வங்கியின் அவசர எண்ணையும் இப்போதே கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள்.