பி.ஏ. + எம்.பி.எச். இரட்டைப் பட்டத்துக்கு விண்ணப்பிப்பது எப்படி: நான் இடறிய இடங்களோடு

"பி.ஏ. படிக்கப் போறேம்மா" என்று மதுரைக்கு போன் போட்டுச் சொன்னேன். "பி.எஸ்சி. முடிச்சவளுக்கு எதுக்குடி மறுபடி பி.ஏ.?" என்றார் அம்மா. பக்கத்தில் இருந்த தம்பி, "எந்த மந்திரிக்குக்கா?" என்றான்.

அமெரிக்காவில் பி.ஏ. என்றால் பிசிஷியன் அசிஸ்டன்ட். நோயாளியைப் பரிசோதிப்பார், என்ன நோய் என்று கண்டுபிடிப்பார், மருந்து எழுதுவார். 1965இல் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட், கடற்படையில் மருத்துவ வேலை பார்த்த நான்கு பேரை வைத்து ஆரம்பித்த படிப்பு இது. 2021இல் பி.ஏ.க்களின் தேசிய சங்கம் 'பிசிஷியன் அசோசியேட்' என்று பெயரை மாற்றிக்கொண்டது. பெரும்பாலான மாநிலச் சட்டங்களில் இன்னும் பழைய பெயர்தான், குழம்ப வேண்டாம்.

இரட்டைப் பட்டத்தில் இரண்டு வகை உண்டு. பள்ளி முடித்த கையோடு சேர்ந்து இளங்கலை, முதுகலை இரண்டையும் தொடர்ச்சியாக முடிப்பது ஒன்று. ஏற்கெனவே டிகிரி வைத்திருப்பவர்கள் பி.ஏ. முதுகலையோடு பொதுச் சுகாதார முதுகலையான எம்.பி.எச்.சையும் சேர்த்து எடுப்பது இன்னொன்று. நான் போனது இரண்டாவது வழி. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1986இலேயே இதைத் தொடங்கிவிட்டது. தனி பி.ஏ. சுமார் 27 மாதம். இரட்டை என்றால் ஏறக்குறைய மூன்று வருடம்.

படி 1: உண்மையிலேயே வேண்டுமா?

எம்.பி.எச். இருந்தால் கிளினிக்கில் சம்பளம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நோயாளி பார்ப்பது மட்டும்தான் ஆசை என்றால் தனி பி.ஏ. போதும், ஒரு வருட ஃபீஸ் மிச்சம். எந்தக் கல்லூரியானாலும், பி.ஏ. படிப்புகளைச் சரிபார்க்கும் அமைப்பான 'ஆர்க்-பி.ஏ.'வின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாத இடத்தில் படித்தால், லைசன்ஸுக்குத் தேவையான 'பான்ஸ்' தேர்வே எழுத முடியாது, லைசன்ஸும் கிடையாது.

படி 2: ஊர் மார்க் ஷீட்

எனக்கு ஆறு மாதம் போனது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

இந்திய டிகிரியை அமெரிக்கக் கணக்குக்கு மாற்றித் தர 'வெஸ்' போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன. அதில் இரண்டு வகை ரிப்போர்ட். ஒன்று, உங்கள் டிகிரி இங்கே எதற்குச் சமம் என்று மட்டும் சொல்லும், விலை குறைவு. இன்னொன்று, ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை கிரெடிட், என்ன கிரேடு என்று பிரித்துத் தரும். டாலரை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று முதலாவதை வாங்கினேன். பி.ஏ. கல்லூரிகள் கேட்பது இரண்டாவதை. மறுபடி பணம், மறுபடி காத்திருப்பு.

அதைவிடப் பெரிய கூத்து உறையில் நடந்தது. மார்க் ஷீட்டைப் பல்கலைக்கழகமே உறையில் போட்டு, வாயை ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். தம்பி இரண்டு நாள் அலைந்து வேலையை முடித்தான். "அனுப்பிட்டாங்களாடா?" என்றேன். "கையிலயே வாங்கிட்டேன்க்கா. எல்லா செமஸ்டரும் இருக்கானு பிரிச்சும் பார்த்துட்டேன்" என்றான். பிரித்த உறை செல்லாது. அவனிடம் முன்கூட்டியே சொல்லாதது என் தப்பு.

இவ்வளவும் செய்த பிறகும், அனாடமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி மாதிரிப் பாடங்களை அமெரிக்கக் கல்லூரியில்தான் படித்திருக்க வேண்டும் என்று பல இடங்களில் சொல்வார்கள். சில இடங்களில் பத்து வருடத்துக்கு முன் படித்தது கணக்கில் வராது. நான் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கம்யூனிட்டி காலேஜில் மாலை வகுப்பில் படித்தேன். இது மலிவு, தாராளமாகப் போங்கள். முதல் தடவையே ஒழுங்காகப் படியுங்கள். மறுபடி எழுதி நல்ல கிரேடு வாங்கினாலும், விண்ணப்பத் தளமான 'காஸ்பா' பழைய கிரேடையும் சேர்த்தே சராசரி போடும்.

படி 3: மணிக்கணக்கு

விண்ணப்பத்தில் அனுபவத்தை மணிக்கணக்கில் காட்ட வேண்டும். அதில் நோயாளியை நேரடியாகக் கவனித்த மணிநேரம் ஒரு கணக்கு, மருத்துவமனைச் சூழலில் செய்த மற்ற வேலை வேறு கணக்கு. நான் முதியோர் இல்லத்தில் சி.என்.ஏ., அதாவது நர்ஸ் உதவியாளர் வேலை பார்த்தேன். பிரஷர் பார்ப்பது, குளிப்பாட்டுவது, படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் முதல் கணக்கு. அதே இடத்தில் ஆள் வராத நாளில் ரிசப்ஷனில் உட்கார்ந்து போன் எடுத்தது இரண்டாவது. கலந்து எழுதாதீர்கள்.

இதற்கென்று ஆப்பெல்லாம் வேண்டாம், கூகுள் ஷீட் போதும். தேதி, மணி, செய்த வேலை, மேற்பார்வையாளர் பெயர் என்று வாராவாரம் ஏற்றுங்கள். சமர்ப்பித்த பிறகு காஸ்பாவில் புது அனுபவத்தைச் சேர்க்கலாம், ஏற்கெனவே எழுதியதைத் திருத்த முடியாது.

படி 4: காஸ்பா

ஏப்ரல் கடைசியில் திறக்கும். பல கல்லூரிகள் விண்ணப்பம் வந்து சேரச் சேர எடுத்துப் பார்ப்பார்கள் என்பதால் கடைசித் தேதியை மறந்துவிட்டு சீக்கிரம் அனுப்புங்கள். அமெரிக்காவில் படித்த பாடங்களை டிரான்ஸ்கிரிப்டில் இருக்கிற மாதிரியே ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு ஏற்றித் தரும் சேவையும் உண்டு. ஏழெட்டுப் பாடத்துக்கு அது தண்டச் செலவு.

படி 5: "ஏன் பொதுச் சுகாதாரம்?"

'ஏன் பி.ஏ.' கட்டுரை எல்லோரும் எழுதுவது, 5,000 எழுத்துக்குள். இரட்டைப் பட்டத்துக்கு இந்த இரண்டாவது கேள்வியும் வரும். முதல் வருடம் "சமூகத்துக்குச் சேவை செய்ய" என்று ஆரம்பித்தேன். நேர்காணலுக்கு ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. அடுத்த வருடம் ஊர்க் கதையை எழுதினேன்: ஞாயிற்றுக்கிழமை போலியோ முகாம், ஐஸ் பெட்டி, சொட்டு மருந்து போட்டதற்கு அடையாளமாகக் குழந்தையின் இடது சுண்டுவிரலில் மை, மறுநாள் வீடு வீடாக வந்து அந்த விரலைத் தேடிப் பார்த்த அக்காக்கள். 2014 மார்ச்சில் இந்தியாவுக்குப் போலியோ இல்லை என்ற சான்று கிடைத்ததற்குப் பின்னால் அந்த மை இருக்கிறது என்று முடித்தேன். மூன்று நேர்காணல் வந்தது, மூன்றிலும் அந்த விரலைப் பற்றித்தான் பேச்சு.

அப்டேட் 1: எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரர்களின் குடும்பத்தாருக்கான விசா) இருக்கும் இரண்டு பேர் கடன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அமெரிக்க அரசின் கல்விக் கடன் உங்களுக்குக் கிடையாது. சில கல்லூரிகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாமல் விண்ணப்பத்தையே எடுப்பதில்லை. காசு கட்டும் முன் மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களும் கவனியுங்கள்: 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு, முதுகலைப் படிப்புக்கான அரசுக் கடனான 'கிராட் பிளஸ்' இல்லை.

அப்டேட் 2: "நான் தமிழ்நாட்டில் பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டன்ட் முடித்திருக்கிறேன், நேராக பான்ஸ் எழுதலாமா?" என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். முடியாதும்மா. 300 கேள்விகள் கொண்ட அந்தத் தேர்வை ஆர்க்-பி.ஏ. அங்கீகாரம் பெற்ற இடத்தில் படித்தவர்கள் மட்டும்தான் எழுதலாம். உங்கள் டிகிரி இங்கே இளங்கலையாகக் கணக்காகலாம், அங்கே பார்த்த வேலையை மணிக்கணக்கில் காட்டலாம். ஆரம்பிக்க வேண்டியது படி 2இலிருந்து. உறையை வாங்கப் போகிறவரிடம் பிரிக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.