கெண்டைக் குஞ்சுகளுக்குத் தடுப்பூசி போடுவது எப்படி?

ஐப்பசி அடைமழையில் குளத்துத் தண்ணீர் குளிர்ந்ததும் கட்லாவும் ரோகுவும் வயிறு வீங்கி, செதில் விரிந்து, துடுப்படியில் ரத்தம் கட்டிக் கரையோரம் ஒதுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா என்ற பாக்டீரியாவின் வேலை. நன்னீரில் சாதாரணமாகவே இருக்கிற கிருமிதான். மீன் சோர்ந்த நேரம் பார்த்துத் தாக்கும்.

தடுப்பூசி போட்டபின் எதிர்ப்பு சக்தி வர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்; தண்ணீர் குளிர்ந்தால் இன்னும் இழுக்கும். ஆகவே புரட்டாசியிலேயே, விரலிகளை (விரல் நீளம் வளர்ந்த குஞ்சுகளை) வளர்ப்புக் குளத்தில் இருப்பு விடும்போதே போட்டுவிடுங்கள். எப்படியும் அன்று மீனைக் கையில் எடுக்கத்தானே போகிறோம். மீன் செத்துக்கொண்டிருக்கும் குளத்தில் மட்டும் ஊசியோடு இறங்க வேண்டாம். பிடிக்கிற அலைச்சலிலேயே மிச்சமும் போய்விடும்.

மருந்தை மீன்வளத் துறையிலோ கால்நடை மருத்துவரிடமோ கேட்டு, உரிமம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்கட்டும், உறைந்துவிட்டால் வீண்.

முந்தின நாளே தீவனத்தை நிறுத்த வேண்டும். முதல் தடவை நான் இதை மறந்தேன். அரைமணியில் தொட்டித் தண்ணீர் கழிவால் கலங்கி, மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன.

அடுத்து மயக்கம். கிராம்பு எண்ணெய் ஒரு பங்கு, எத்தனால் ஒன்பது பங்கு கலந்து, அதில் 5 மில்லியை 10 லிட்டர் தண்ணீருக்கு ஊற்றுங்கள். பத்துப் பத்து மீனாக விடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் சாய்ந்து படுக்கும்; செவுள் மூடி மெதுவாக அசைந்துகொண்டே இருக்க வேண்டும். அசைவு நின்றால் உடனே காற்று ஓடுகிற நல்ல தண்ணீருக்கு மாற்றுங்கள். சீக்கிரமே விற்பனைக்குப் போகிற மீனுக்கு இந்த மயக்க வேலையே கூடாது.

சரி, ஊசி. ஈரத்துணியில் மீனை மல்லாக்கப் பிடியுங்கள். வயிற்றுத் துடுப்பு வேருக்குச் சற்று முன்னே, நடுக்கோட்டில், ஊசிமுனை தலைப்பக்கம் பார்க்கச் சாய்த்துக் குத்துங்கள். கெண்டையின் செதில் வால்பக்கம் திறந்திருப்பதால், இப்படிப் போனால்தான் முனை செதிலுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு நுழையும்; எதிர்ப்பக்கமிருந்து குத்தினால் செதில் பெயரும். வயிற்றுச் சுவரைத் தாண்டியதும் கையில் ஒரு சின்னத் தளர்வு தெரியும். அங்கேயே நிறுத்தி, லேபிளில் உள்ள அளவைச் செலுத்துங்கள். ஊசி மழுங்கினால் மாற்றுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: எண்ணெய் கலந்த மருந்து உங்கள் விரலில் ஏறினால் சின்னக் குத்துதானே என்று விடாதீர்கள். மருந்துப் புட்டியோடு நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஊசிக்குத் தாங்காத சின்னக் குஞ்சுகளுக்கு, குளிப்பாட்டும் வகைத் தடுப்பு மருந்து கிடைத்தால் அதில் முக்கி எடுக்கலாம். பாதுகாப்பு ஊசியளவுக்கு நீடிக்காது. ரொம்பப் பொடிக் குஞ்சென்றால் இதுவும் வீண். அவற்றுக்கு எதிர்ப்பு சக்தியே முதிர்ந்திருக்காது.

போட்டு முடித்ததும் மீன்களை ஹாப்பா வலையில் (குளத்துக்குள் கட்டும் பெட்டி போன்ற வலையில்) விட்டு, நிமிர்ந்து நீந்துகிறதா என்று பாருங்கள். அன்று தீவனம் இல்லை, மறுநாள் வழக்கத்தில் பாதி. இரண்டொரு மீன் செத்து மிதந்தால் தூக்கி எறியாமல் வயிற்றைக் கீறிப் பாருங்கள். உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் ஊசி அநேகமாக ஆழமாக இறங்கியிருக்கிறது.