உரசும் டிஸ்க் பிரேக்: போல்டில் கை வைக்கும் முன்

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் சைக்கிளில் மிதித்து ஏறிவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். காரில் வைப்பதற்காகக் கழற்றிய முன் சக்கரத்தை அடிவாரத்தில் திரும்ப மாட்டிச் சுற்றினால் விடாமல் ‘ஸ்ஸ்ஸ்’ என்று உரசல். காலிப்பர் (பிரேக் தட்டை இருபுறமும் நெருக்கிப் பிடிக்கும் பாகம்) போல்டுகளைத் தளர்த்துவதும் இறுக்குவதுமாக முக்கால் மணி நேரம் போயிற்று. பிறகுதான் கவனித்தேன், சக்கரத்தின் அச்சே ஃபோர்க்கில், அதாவது முன் சக்கரத்தைத் தாங்கும் கவையில், ஒரு பக்கம் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அதை நேராக்கியதும், கோணல் சக்கரத்துக்குத் தோதாக நான் திருப்பி வைத்திருந்த காலிப்பர் இப்போது மறுபக்கம் உரசியது!

ஆகவே முதல் வேலை சக்கரம்தான். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்க்காமல் தரையில் நிறுத்துங்கள். அச்சை இறுக்கிப் பிடிக்கும் குயிக் ரிலீஸைத் தளர்த்தி, ஹேண்டில்பாரை மேலிருந்து அழுத்தினால் அச்சு இரண்டு பக்கமும் தன் இடத்தில் உட்காரும். அப்படியே இறுக்குங்கள். பாதி உரசல்கள் இங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

தீரவில்லையென்றால் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காது கொடுங்கள். இடைவிடாத ஓசை என்றால் காலிப்பர் நடுவில் இல்லை. சுற்றுக்கு ஒருமுறை ‘சிக்... சிக்...’ என்றால் ரோட்டார், அதாவது சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு, வளைந்திருக்கிறது. மழையிலும் சேற்றிலும் ஓட்டியதும் வரும் கரகரப்பை நான் பொருட்படுத்துவதில்லை, காய்ந்தால் போய்விடும்.

காலிப்பரை நடுவுக்குக் கொண்டுவர, அதை ஃபோர்க்கோடு பிணைக்கும் இரண்டு போல்டுகளையும், பெரும்பாலும் 5 மி.மீ. ஆலன் கீயால், காலிப்பர் லேசாக அசையும் அளவுக்குத் தளர்த்துங்கள். பிரேக் லீவரை அழுத்திப் பிடித்தபடியே இரண்டையும் மாறி மாறிக் கால் சுற்றாக இறுக்குங்கள். ஒன்றை ஒரேயடியாக முறுக்கினால் காலிப்பர் சற்றே திரும்பிக்கொள்ளும். பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு பாருங்கள். ரோட்டாரின் இருபுறமும் மயிரிழை வெளிச்சம் தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருட்டாக இருந்தால், போல்டைக் கொஞ்சம் தளர்த்திக் காலிப்பரைக் கட்டைவிரலால் தள்ளி வைப்பேன்.

கேபிள் இழுக்கும் மெக்கானிக்கல் டிஸ்க்குகளில் பெரும்பாலும் வெளிப்பக்கப் பேட் (ரோட்டாரை அழுத்தும் பிரேக் கட்டை) மட்டுமே நகரும். சக்கரக் கம்பிகளின் பக்கமுள்ள பேடுக்குத் தனியாக ஒரு திருகு உண்டு. அதைக் கால் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள்.

ரோட்டார் வளைந்திருந்தால் பொறுமை வேண்டும். மெதுவாகச் சுற்றி, எந்த இடத்தில் எந்தப் பேடைத் தொடுகிறது என்று பார்த்து, அந்த இடத்தை மார்க்கரால் ரோட்டாரின் கைகளில் குறியுங்கள். பேட் படும் வட்டத்தில் மை படக் கூடாது. எண்ணெய்ப் பசையில்லாத ஸ்பேனரால் அந்த இடத்தைப் பிடித்து எதிர்ப்பக்கம் துளி நெம்பி, மறுபடி சுற்றிப் பார்க்க வேண்டும். வளைந்தது கண்ணுக்குத் தெரியும்படி நெம்பினால் அது அதிகம். சுழலும் ரோட்டாரில் விரல் வைக்காதீர்கள். மலையிறங்கிய சூட்டிலும் தொடாதீர்கள். ஷிமானோ ரோட்டார் 1.5 மி.மீ. அளவுக்குத் தேய்ந்துவிட்டால் நிமிர்த்துவது வீண், மாற்றிவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரே பக்கம் உரசினால், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கில், பேடைத் தள்ளும் ஒரு பிஸ்டன் திரும்பிப் போகாமல் சிக்கியிருக்கும். சக்கரத்தையும் பேடுகளையும் எடுத்துவிட்டு, பிஸ்டனின் ஓரத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். பிறகு டயர் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோலால் உள்ளே தள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவர் பிஸ்டனை உடைத்துவிடும்.

சக்கரம் இல்லாதபோது லீவரை அழுத்தினால் பேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை காரின் பின்னிருக்கையில் என் அக்கா மகன் இதைத்தான் வழியெல்லாம் செய்துகொண்டு வந்தான். இப்போதெல்லாம் சக்கரத்தைக் கழற்றியதுமே பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை மடித்துப் பேடுகளுக்கு நடுவில் செருகிவிடுகிறேன்.