ஆஸ்துமாவும் அலர்ஜியும்: டாக்டரிடம் என்ன சொல்வது, எதைக் காட்டுவது?

ஆஸ்துமாவில் ஒரு சிக்கல் உண்டு. ராத்திரி முழுக்க வீசிங் இருந்திருக்கும். மறுநாள் டாக்டர் முன்னால் உட்காரும்போது நெஞ்சில் ஒரு சத்தமும் இருக்காது. அவருக்கு வேண்டிய தகவலை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

படி 1: இரண்டு வாரம் குறித்து வையுங்கள்

செல்போனில் குறித்தாலே போதும். இருமலால் தூக்கம் கலைந்ததா, உடனடி நிவாரண இன்ஹேலரை எத்தனை முறை எடுத்தீர்கள், எங்கே இருந்தபோது தும்மல் வந்தது? காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல் என்றால் மெத்தையில் வாழும் தூசிப் பூச்சியைச் சந்தேகிக்கலாம். வீசிங் வரும்போது சத்தத்தோடு ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள். மூக்கடைப்பையும் சொல்ல மறக்காதீர்கள். மூக்கு அலர்ஜியைக் கவனிக்காமல் விட்டால் ஆஸ்துமாவும் லேசில் அடங்காது.

படி 2: எல்லா மருந்தையும் எடுத்துப் போங்கள்

சம்பந்தமில்லை என்று நினைப்பதையும் சேர்த்துத்தான். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டுகூட மூச்சுக்குழாயைச் சுருக்கலாம். சிலருக்கு ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் ஆகாது.

படி 3: இன்ஹேலர் எடுப்பதை அவர் முன்னால் செய்து காட்டுங்கள்

கூச்சப்பட வேண்டாம். மருந்து கேட்கவில்லை என்று டோஸைக் கூட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது இதைத்தான். அழுத்தி அடிக்கும் வகை என்றால் நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதடுகளால் இறுக்கமாகக் கவ்வுங்கள். மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, கடைசிவரை இழுத்து, 10 விநாடி அடக்குங்கள். அடுத்த பஃபுக்கு அரை நிமிடமாவது விடுங்கள். வாயிலிருந்து புகைபோல வெளியே வந்தால் மருந்து நுரையீரலுக்குப் போகவில்லை. அழுத்துவதும் இழுப்பதும் ஒத்துவராவிட்டால் ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டி, அதன் வழியாக மருந்தை இழுக்கும் குழாய்) கேளுங்கள். அது குழந்தைகளுக்கு மட்டும் என்பது தவறான எண்ணம். பவுடர் வகைக்கு முறையே வேறு: வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும்.

படி 4: எது எதற்கு என்று தெளிவாகக் கேளுங்கள்

உடனடி நிவாரண இன்ஹேலரில் இருக்கும் சால்புடமால் சுருங்கிய மூச்சுக்குழாயைச் சற்று நேரம் விரிக்கும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வீக்கத்தைக் குறைப்பது புடசோனைடு போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர். ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறோம். ஆனால் மாத்திரையோடு ஒப்பிட்டால் இதில் அளவு மிகக் குறைவு, அதுவும் பெரும்பாலும் நேராக மூச்சுக்குழாய்க்கே போகிறது. எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண் வருவது குறையும். நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்த வேண்டாம். சால்புடமால் வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டால் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை, டாக்டரைப் பாருங்கள்.

படி 5: பரிசோதனைகள்

ஸ்பைரோமெட்ரி (மூச்சை எவ்வளவு, எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் பரிசோதனை) செய்யலாமா என்று கேளுங்கள். ஊத வைத்து, மருந்து கொடுத்து, மறுபடி ஊத வைப்பார்கள். அலர்ஜிக்குத் தோல் பரிசோதனை என்றால், அலர்ஜி மாத்திரையை எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: எழுத்தில் ஒரு திட்டம் வாங்குங்கள்

தினமும் என்ன எடுப்பது, மோசமானால் எதைக் கூட்டுவது, எப்போது அவசர சிகிச்சைக்கு ஓடுவது என்று ஒரே தாளில் இருக்கட்டும். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது, நிவாரண இன்ஹேலர் எடுத்தும் தணியவில்லை: இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. அந்தத் தாளை வீட்டில் இருப்பவர்களுக்கும் காட்டி, இன்ஹேலர் எங்கே இருக்கிறது என்று சொல்லி வையுங்கள்.